ஏறியவர் பெயர் இல்லாத கிளை

1

ஹெர்பேரியம் தாள் என்பது ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கெட்டி அட்டை. அதன்மேல் அழுத்தி உலர்த்திய ஒரு கிளை, சில இலைகள், வாய்த்தால் பூ, இன்னும் வாய்த்தால் காய். பெரும்பாலும் கீழே வலது மூலையில் ஒரு சின்னச் சீட்டு. அதில் தாவரத்தின் லத்தீன் பெயர், குடும்பம், எடுத்த இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர், அவர் போட்ட வரிசை எண், ஒன்றிரண்டு வரியில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். உலர்தாவரகம் என்று தமிழில் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களே ஹெர்பேரியம் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தச் சீட்டை ஓர் உரைநடை வடிவமாகப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு ஹைக்கூவைவிட இறுக்கமான வடிவம் இது. உவமை கிடையாது, பெயரடை ஏறக்குறைய கிடையாது, எழுதுகிறவரின் மனநிலை கிடையவே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கதைசொல்லி உண்டு, அவர் சொல்லாமல் விடுகிற விஷயங்களும் உண்டு. இலக்கிய விமர்சனம் பழகியவர்களுக்கு இந்த இரண்டும் போதும், உள்ளே நுழைவதற்கு.

எல்லாத் தாவரத்தையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை கைமீறிப் போய்விடும். பயறுக் குடும்பத்து மரங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். புளி, புங்கம், கொன்றை, ஆத்தி, வேங்கை, உசில், வெள்வேல், புரசு, ஆச்சா, செம்மரம் எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தால் சொந்தக்காரர்கள் மாதிரியே இருக்காது. காய்தான் காட்டிக்கொடுக்கும். கொன்றையில் நீளக் குழாய், புளியில் சதைப்பற்றுள்ள வளைந்த காய், வேங்கையிலும் செம்மரத்திலும் சுற்றிலும் இறக்கை வைத்த வட்டத் தட்டு. வடிவம் எதுவானாலும் அடிப்படையில் எல்லாம் அவரைக்காய்தான். ஆரணியைச் சுற்றி, கமண்டல நாகநதிக் கரையிலிருந்து மேற்கே ஜவ்வாது மலை வரைக்கும் பார்க்கிற மரங்களில் கணிசமானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

2

முதலில் சீட்டின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மரங்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதுகிறோம். அதில் பெரும்பகுதி ஏக்கம். 'எங்கள் ஊரில் ஒரு மரம் இருந்தது' என்று தொடங்கி 'இப்போது இல்லை' என்று முடியும். எந்த மரம், எந்த இடம், எந்த வருஷம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த மரம் எழுதுகிறவரின் பால்யத்துக்கு ஒரு நிழல் கொடுத்துவிட்டுப் போய்விடும். சீட்டு அப்படித் தப்பிக்க முடியாது. இந்த மரம், இந்தச் சரிவு, இந்தத் தேதி, எடுத்தது நான், என் எண் இது, சந்தேகமிருந்தால் கிளை இதோ ஒட்டியிருக்கிறது, நீயே பார். சொன்னவரும் சாட்சியும் ஒரே தாளில் இருக்கிற எழுத்து வகை வேறு எங்கே இருக்கிறது?

பட்டியலை இலக்கியமாகப் படிப்பது நமக்குப் புதிதும் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். வேங்கையும் கொன்றையும் ஆவிரையும் அந்த வரிசையில் உண்டு, மூன்றுமே பயறுக் குடும்பம். அந்த இடத்தை எப்படி ரசிப்பது என்று தெரியாமல் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்வதே ஒரு செயல், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பகுதி திறக்கும். ஹெர்பேரியம் சீட்டும் அதே பழக்கத்தைத்தான் கேட்கிறது.

இன்னொரு பலம், திருத்தம் செய்கிற முறை. நாற்பது வருஷம் கழித்து வேறொரு தாவரவியலாளர் வருகிறார். முன்னவர் எழுதிய பெயர் தப்பு என்று நினைக்கிறார். பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, அடிப்பதில்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் தான் நினைக்கிற பெயர், தன் பெயர், வருஷம் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார். அடுத்தவர் வந்தால் இன்னொன்று. புங்க மரத்தையே எடுங்கள். பொங்காமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று பேரினத்தை மாற்றி மாற்றி வைத்து, இப்போது பலரும் மறுபடி பொங்காமியாவுக்கே வந்திருக்கிறார்கள். பொங்காமியா என்பதே நம் பக்கத்துப் புங்கு, பொங்கம் என்ற சொல்லிலிருந்து போனது. லத்தீனுக்குப் போய் ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்கே திரும்பிய பெயர். மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது கிட் பயன்படுத்துவது மாதிரி இருக்கும், ஏடு படித்தவர்களுக்குப் பாடபேதம் மாதிரி. முந்தைய வாசிப்பை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்று மறுப்பது விமர்சனத்துக்கும் நல்ல பழக்கம்.

3

இனி பலவீனம்.

புல்லையோ செடியையோ வேரோடு எடுத்துத் தாளில் ஒட்டிவிடலாம். மரத்தை முடியாது. மரத்தின் ஹெர்பேரியம் தாள் எப்போதும் ஒரு துண்டுதான். அதிலும் வறண்ட காட்டுப் பயறு மரங்களுக்கு ஒரு குணம் உண்டு. பல மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும். புரசு மாசி, பங்குனியில் இலையில்லாமல் கிளை முழுக்கத் தீப்பிடித்தது மாதிரி நிற்கும். செம்மரமும் கோடையில்தான் மஞ்சளாகப் பூக்கும், காய் முற்றுவது மாதங்கள் கழித்து. ஆகவே பூவுள்ள தாளில் நல்ல இலை இருக்காது, காயுள்ள தாளில் பூ இருக்காது. ஒரு மரத்தை முழுசாகத் தெரிந்துகொள்ள ஒரே மரத்தடிக்கு மூன்று தடவை போக வேண்டும். தாவர நூல்களில் நாம் படிக்கிற முழு மரம், பல தாள்களிலிருந்து, பல ஊர்களிலிருந்து, பல வருஷங்களிலிருந்து தைத்து எடுத்தது. அப்படி ஒரு மரம் எங்கேயும் நின்றதில்லை. நாவலில் வரும் கதாபாத்திரம் உருவாவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

செம்மரத்தில் இந்தக் குறை வேறு ஓர் எல்லைக்குப் போகிறது. அதன் அறிவியல் பெயர் டெரோகார்ப்பஸ் சான்டலினஸ். இறக்கைக் காய், சந்தனம் போன்றது என்று பொருள். இந்தப் பெயர் 1780களின் தொடக்கத்தில் இளைய லின்னேயஸின் நூலில் வந்தது. தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் போன்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த தாவரங்கள் ஐரோப்பாவில் பெயர் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. மூன்று சிற்றிலை கொண்ட கூட்டிலை, மஞ்சள் பூ, வட்டக் காய். தாளில் இவை எல்லாம் இருக்கும். உலகம் இந்த மரத்தைத் தேடுவதற்குக் காரணமான ஒன்று மட்டும் இருக்காது. அது சிவப்பு.

அந்தச் சிவப்பு வைரத்தில் இருக்கிறது, அதாவது முதிர்ந்த அடிமரத்தின் நடுக்கட்டையில். விரல் தடிமனுள்ள கிளையில் வைரம் பாய்ந்திருக்காது. சீனத்து அறைகலனுக்கும், ஜப்பானின் ஷாமிசென் என்ற நரம்புக் கருவியின் கழுத்துக்கும், சாயத்துக்கும், மருந்துக்கும் போவது அந்த நடுக்கட்டைதான். அதனால்தான் அந்த மரம் 1995இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் ஏறியது. ஆந்திர வனத்துறைக் கிடங்குகளில் கட்டைகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். ஹெர்பேரியம் தாள் செம்மரத்தைச் சரியாக அடையாளம் காட்டும், செம்மரத்தால் என்ன நடக்கிறது என்பதற்குத் தாளில் ஒரு தடயமும் இருக்காது.

ஆரணியில் இதற்கு நேர் எதிரான ஒரு பதிவு உண்டு. பட்டுச்சேலைக் கடையில் 'அரக்கு கலர் காட்டுங்க' என்றால் என்ன எடுத்துப் போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அரக்கு என்பது புரசு போன்ற மரங்களின் கிளையில் வாழும் பூச்சி விடும் பிசின், அதிலிருந்து இறக்கிய சிவப்புச் சாயம் ஒரு காலத்தில் பட்டுக்கு ஏறியது. இன்று சாயப்பட்டறையில் இருப்பது வேதிச்சாயம். பூச்சியும் போய்விட்டது, மரமும் போய்விட்டது, நிறத்தின் பெயர் மட்டும் நெசவாளர் வாயிலும் வாங்குகிறவர் வாயிலும் நிற்கிறது. தாளில் கிளை இருக்கிறது, நிறம் இல்லை. இங்கே நிறம் இருக்கிறது, கிளை இல்லை. இரண்டுமே அரைப் பதிவுதான். ஒன்றை அறிவியல் என்றும் இன்னொன்றைப் பேச்சுவழக்கு என்றும் தள்ளிவைத்திருக்கிறோம்.

4

சீட்டில் நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம், 'இடம்' என்ற வரி.

பழைய சீட்டுகளில் பலவற்றில் மாவட்டப் பெயருக்குமேல் ஒன்றும் இருக்காது. நம் பகுதிக்கு அது 'வட ஆற்காடு'. சேகரிப்புகளை மின்மயமாக்கும்போது இந்தச் சொல்லை வரைபடத்தில் ஒரு புள்ளியாக்க வேண்டும். மாவட்டம் மட்டுமே தெரிந்தால், பல சமயம் மாவட்டத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு, 'இத்தனை கிலோமீட்டர் பிழை இருக்கலாம்' என்று பக்கத்துப் புலத்தில் எழுதுவார்கள். தரவை இறக்கிப் பயன்படுத்துகிறவர் அந்தப் பக்கத்துப் புலத்தைப் பார்க்காமல் விட்டால் முடிந்தது கதை. ஏதோ ஒரு நெல்வயலின் நடுவே காட்டு மரம் நின்றதாகக் கணக்காகும். 2050இல் இந்த மரம் எங்கே பிழைக்கும் என்று சொல்கிற மாதிரிகளுக்கும் அந்தப் புள்ளிதான் தீனி.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்த வட ஆற்காடு என்பது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்துதான் திருவண்ணாமலை மாவட்டம் வந்தது, ஆரணி இந்தப் பக்கம் வந்தது. 2019இல் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. இவை நமக்குத் தெரிந்தவை. பின்னால் போனால், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூரும் சந்திரகிரியும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. அதாவது 19ஆம் நூற்றாண்டுச் சீட்டில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் அது ஜவ்வாது மலையாகவும் இருக்கலாம், திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலமாகவும் இருக்கலாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கால்வைத்த நிலத்துக்கு அன்று அதுதான் பெயர்.

அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு மரம் இருக்கிறது. ஆர்க்காடு என்பதை ஆர் + காடு என்று பிரித்து, ஆர் என்றால் ஆத்தி, ஆத்தி மரக் காடு என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் விளக்குவார்கள். ஆறு காடுகள் என்று பிரிக்கிறவர்களும் உண்டு. ஆத்தி சோழர்கள் சூடிய பூ, தாவரவியலில் பாஹினியா ராசிமோசா, அதுவும் பயறுக் குடும்பத்து மரம். முதல் விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், இந்தப் பக்கத்தில் எடுத்த ஒவ்வொரு தாளிலும் எந்தத் தாவரம் ஒட்டியிருந்தாலும், இட வரியில் ஆத்தி மரம் ஒன்று கூடவே நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய கைக்கு அது கேட்டிருக்காது.

5

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், சந்திரகிரிக்குப் பக்கத்தில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிகள் அதில் இருந்தார்கள், ஆரணி வட்டத்தில் உள்ள கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். வெட்டவந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்ட போலி மோதல் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். இறந்தவர்கள் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். கட்டை சென்று சேரும் துறைமுகத்தையோ அதன் விலையையோ தீர்மானிக்கிறவர்கள் யாரும் அந்தக் காட்டில் இல்லை.

1911க்கு முந்தைய சீட்டின் கணக்குப்படி அவர்களில் பலர் பிறந்த இடமும் செத்த இடமும் ஒரே மாவட்டம். இட வரியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வந்திருக்கும்.

இந்தச் சம்பவத்தைத் தாவரச் சீட்டோடு சேர்த்துப் பேசுவது வலிந்து பொருத்துவது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டில் 'எடுத்தவர்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர் அல்லது அதிகாரி. நாற்பது அடி மரத்தின் பூக்கிளையை அவரா ஏறிப் பறித்தார்? சில சமயம் அவரேகூட இருக்கலாம். பல சமயம் தொரட்டியோடு ஏறியது அந்தக் காட்டைத் தெரிந்த ஓர் ஆள். எந்தச் சரிவில் இந்த மரம் நிற்கிறது, எப்போது பூக்கும் என்று சொன்னதும் அவர்தான். அவர் பெயர் எங்கே?

விதிவிலக்குகள் உண்டு, அவை முக்கியமானவை. மெட்ராஸில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐகோனெஸ்' தொகுதிகளில் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்கள் படத்தின் அடியில் அச்சாகியிருக்கின்றன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் வைத்தார். அதற்கும் 150 வருஷத்துக்கு மேல் முன்னால், 1678இல் வெளிவரத் தொடங்கிய 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் வாக்குமூலம் இருக்கிறது. வரைந்தவருக்கும் வைத்தியருக்கும் கிடைத்த இந்த மரியாதை மரம் ஏறியவருக்குப் பொதுவாகக் கிடைக்கவில்லை. திறமைக்குப் பெயர் உண்டு, உழைப்புக்கு இல்லை. ஆரணியில் நெய்த சேலையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டும் அப்படித்தான். பெரும்பாலும் கடை பெயர் இருக்கும், பட்டுக்கும் ஜரிகைக்கும் சான்று இருக்கும், தறியில் உட்கார்ந்தவர் பெயர் தேடினாலும் கிடைக்காது.

ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி சி.இ.சி. ஃபிஷர் முடித்த மெட்ராஸ் மாகாணத் தாவர நூல் (1915–1936) இந்த வகையில் காலனிய காலத்தின் நல்ல உதாரணம். மரங்களுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களைக் கவனமாகத் தருகிறது. அந்தப் பெயரை யார் சொன்னார் என்பதைத் தருவதில்லை. மொழி வருகிறது, பேசியவர் வருவதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ 1981 முதல் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதிகளை நான் வேறு கண்ணோடுதான் பார்ப்பேன். பழைய ஐரோப்பியத் தாள்களை மட்டும் நம்பாமல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மறுபடி நடந்து, புதிதாக எடுத்த தாள்களின் மேல் எழுந்த நூல் அது. வாசிப்பு என்பது மறுபடி நடப்பது என்று அதில் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் 'எடுத்தவர்' வரியின் வழக்கம் அங்கும் உடையவில்லை.

6

இன்று தாவரச் சேகரிப்புகள் தரவைப் பகிர்ந்துகொள்ள டார்வின் கோர் என்ற பொதுத் தரத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் 'பதிவுசெய்தவர்' என்ற புலம் ஒரு பெயரோடு நிற்பதில்லை, பட்டியலாகவே எத்தனை பெயரும் போடலாம். உள்ளூர்ப் பெயருக்கு ஒரு புலம் இருக்கிறது. இடத்தைச் சீட்டில் எழுதியிருந்த அதே சொற்களில் வைக்க ஒரு புலம் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் தடை ஒன்றும் இல்லை. எத்தனை பெயரானாலும் ஏற்கத் தயாராக இருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே பெயரைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம் செய்கிற வேலை.

அப்படியானால் எல்லார் பெயரையும் போட்டுவிடலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இன்னும் யோசித்தால் அவ்வளவு சுலபமில்லை. அழிவின் விளிம்பில் உள்ள, விலை அதிகமுள்ள மரங்களுக்குப் பல சேகரிப்புகள் துல்லியமான இடத்தை மறைத்தே வெளியிடுகின்றன. வெட்டுகிறவனுக்கு வழிகாட்டக் கூடாது என்பது காரணம், நியாயமான காரணம். செம்மரம் அந்த வகை. இப்போது அந்தத் தாளில் ஜவ்வாது மலைக்காரர் ஒருவரின் பெயரை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மனிதருக்குச் செம்மரம் எங்கே நிற்கிறது என்று தெரியும் என்பதற்கு அது எழுத்துச் சான்று. பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் 'செம்மரம்' என்று இருந்தால் அது ஆய்வு. மலைக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் அதே சொல் இருந்தால், போலீஸ் கண்ணில் அது முதல் தகவல் அறிக்கையின் முதல் வரி. ஒரே அறிவு, ஒரே மரம். பெயர் யாருடையது என்பதைப் பொறுத்து அது எந்த வகைமையில் சேர்கிறது என்பது மாறிவிடுகிறது.

ஆகவே அந்த வெற்றிடத்தை அலட்சியம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். சில வெற்றிடங்கள் ஆளைக் காப்பாற்றவும் செய்கின்றன. பிரச்சினை என்னவென்றால், எது அலட்சியம், எது பாதுகாப்பு என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி காலியாக இருக்கின்றன. இடத்தை மறைக்கும்போது 'மறைத்திருக்கிறோம்' என்று எழுத அந்தத் தரத்தில் வழி இருக்கிறது. எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று குறிக்கலாம். ஆளை மறைக்கும்போதும் அதே மரியாதையைக் கொடுக்கலாம். 'மரம் ஏறியவர் ஒருவர், ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர், அவர் கேட்டுக்கொண்டதால் பெயர் தரவில்லை' என்று ஒரு வரி. அதை எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை கேட்டாக வேண்டும். நான் படித்த சீட்டுகளில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

ஒருவேளை அவர் பெயரைப் போடச் சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். 'என் பேரை எழுதுறது இருக்கட்டும் சார், இன்னிக்குக் கூலி எவ்ளோ?' என்றும் கேட்கலாம். மூன்றுமே பதிவுதான்.